பியானோவுக்கு எப்போது சுருதி சேர்ப்பது?

மழைக்காலத்தில் வீட்டுக் கதவு இறுகிக்கொள்கிறது. இழுத்தாலும் வராது. வெயில் வந்ததும் அதே கதவு எளிதாகத் திறக்கிறது!

என்ன காரணம்? ஈரத்தை உறிஞ்சினால் மரம் உப்பும். காய்ந்தால் சுருங்கும்.

மரத்தின் இந்தக் குணம் விலை உயர்ந்த பியானோவையும் விடுவதில்லை. பருவம் மாறினால் அதன் சுருதியும் மாறிவிடுகிறது!

18 டன் இழுப்பு!

பியானோவில் 88 கட்டைகள். உள்ளே சுமார் 230 கம்பிகள். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 18 டன் பலத்துடன் இழுக்கின்றன. அதைத் தாங்க இரும்புச் சட்டம் இருக்கிறது.

கம்பிகளுக்கு அடியில் ஒரு மெல்லிய மரப்பலகை. அது அதிர்வதால்தான் ஓசை பெரிதாகக் கேட்கிறது. வீணையில் இருப்பதுபோல் பலகையின் மேல் 'குதிரை' உண்டு. கம்பிகள் அதன்மேல் அழுந்திச் செல்கின்றன.

கோடையில் ஏறும், குளிரில் இறங்கும்

அமெரிக்காவில் உள்ள பாஸ்டன் நகரை எடுத்துக்கொள்வோம்.

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அங்கே புழுக்கம். பலகை உப்பி மேலே எழும்பும். குதிரையைத் தள்ளும். கம்பி இறுகும். சுருதி ஏறும்.

குளிர்காலத்தில் வெளியே பனி கொட்டும். வீட்டுக்குள் வெப்பக் கருவி ஓடும். சூடேறிய காற்று வறண்டுவிடும். பலகை சுருங்கித் தாழும். கம்பி தளரும். சுருதி இறங்கும்.

அவசரம் கூடாது!

வெப்பக் கருவியைப் போட்ட மறுநாளே சிலர் சுருதி சேர்ப்பவரை அழைப்பார்கள். அது வீண் செலவு! மரம் ஒரே நாளில் காய்வதில்லை. இன்று சேர்த்த சுருதி சில வாரங்களில் கலைந்துவிடும்.

மூன்று, நான்கு வாரம் பொறுக்க வேண்டும். மரம் அடங்கிய பிறகு சுருதி சேர்த்தால் நெடுநாள் நிற்கும். வசந்த காலத்தில் வெப்பக் கருவியை நிறுத்திய பிறகும் இதே கணக்குத்தான். ஆக, வீட்டுப் பியானோவுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை போதும்.

கச்சேரி மண்டபங்களில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு கச்சேரிக்கு முன்பும் சுருதி பார்ப்பார்கள்!

சும்மா விட்டால்?

பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் ஆபத்து. சுருதி மிகவும் இறங்கிவிடும். ஒரேயடியாக ஏற்றும்போது பழைய கம்பி அறுந்துபோகலாம். காற்று மிகவும் வறண்டால் பலகையே வெடித்துவிடும்!

பியானோவை வெப்பக் கருவியின் பக்கத்தில் வைக்கக் கூடாது. வெயில் விழும் ஜன்னல் ஓரமும் ஆகாது. அறையின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது.

சுருதி சேர்ப்பவருக்குக் காது கூர்மையாக இருக்க வேண்டும். பியானோ வைத்திருப்பவருக்கோ பொறுமை வேண்டும்!