தென்காசிக் கல்வெட்டுப் பாடல்களில் பராக்கிரம பாண்டியன்

முன்னுரை

மதுரையை இழந்த பிற்காலப் பாண்டியர், சிவகிரி, சங்கரன்கோவில் வட்டங்களை உள்ளடக்கிய இன்றைய மாவட்டத்தின் தலைநகரான தென்காசியைத் தம் இருக்கையாகக் கொண்டனர். அம்மரபில் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1422 முதல் 1463 வரை ஆண்டான். 1446இல் காசி விசுவநாதர் கோயில் திருப்பணியைத் தொடங்கினான்.

மரபும் மாற்றமும்

அவனுடைய மெய்க்கீர்த்தி சேரரை வென்ற செய்தியைக் கூறுகிறது. கோயிலில் பொறிக்கப்பட்ட பாடல்களோ அவனை வேறொரு நிலையில் காட்டுகின்றன. கோயில் தெய்வச் செயலால் அமைந்ததேயன்றித் தன் செயலன்று என்கிறான். பிற்காலத்தில் நேரும் குறையை நீக்குவோரை உலகறியப் பணிகிறான். மேலும் விரிவாக்கிக் காப்போரின் அடிவீழ்ந்து ஏவல் செய்வதாகவும் உரைக்கிறான்.

அறத்தைக் காத்தவர் பாதம் தன் தலைமேலது என்பது கல்வெட்டுகளின் பழைய ஓம்படைக்கிளவி. அதனோடு, அறத்தை அழித்தவர் கங்கைக்கரையில் பசுவைக் கொன்ற பாவத்தை அடைவர் என்னும் சாபமும் இடம்பெறுவதுண்டு. பராக்கிரமன் பாடல்கள் அம்மரபினவே. ஆயினும் இவற்றில் சாபம் இல்லை. காத்தலோடு பழுதுநீக்கலும் விரிவாக்கலும் போற்றப்படுகின்றன. தன் அரசு நிலைக்கும் என்னும் உறுதியைக் காட்டிலும், முன்பின் அறியாத பிற்காலத்தவர் மீதான நம்பிக்கையே இங்கு மேலோங்குகிறது.

முடிவுரை

19ஆம் நூற்றாண்டில் சிதைந்த இராசகோபுரம் 1990இல் ஒன்பது நிலைகளுடன் மீண்டும் எழுந்தது. அரசன் பணிந்து வேண்டியது அரசமரபே இல்லாத காலத்தில் நிறைவேறியது. எனவே இப்பாடல்களைப் பணிவுரையாக மட்டுமன்றி, ஆட்சி மாற்றத்தை எதிர்நோக்கிய அரசியல் ஆவணமாகவும் கொள்ளலாம்.