கிழிந்த ஐரிஸைத் தைத்தபின் மறக்கக் கூடாதது

பட்டறையில் சுத்தியல் அடியில் தெறித்த இரும்புச் சில்லு, தீபாவளி வெடி, கிரிக்கெட் பந்து. எது பட்டாலும் அடி பலமாக இருந்தால் கண்ணுக்குள் இருக்கும் ஐரிஸ் வேரோடு பிய்ந்துவிடலாம். கருவிழிக்கு நிறம் தருவதும், வெளிச்சத்துக்கு ஏற்பப் பாவையைச் சுருக்கி விரிப்பதும் இதுதான். ஓரம் பிய்ந்ததும் வட்டப் பாவை ஒரு பக்கம் தட்டையாகிவிடும். வெயிலில் கண் கூசும். இரவில் எதிரே வரும் லாரியின் விளக்கு சிதறித் தெரியும். மற்றக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் ஒரே பொருள் இரண்டாகத் தெரியலாம்.

அடிபட்ட கண்ணைக் கசக்காதீர்கள். எதுவும் குத்தியிருந்தால் பிடுங்கவோ கழுவவோ வேண்டாம். விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் விட வேண்டாம். காகிதக் குவளையைக் கண்ணில் அழுந்தாமல் கவிழ்த்து ஒட்டி மருத்துவமனைக்கு விரையுங்கள். மயக்க மருந்து தர வேண்டியிருக்கலாம், வழியில் டீகூட வாங்கித் தராதீர்கள். சுண்ணாம்போ அமிலமோ பட்டிருந்தால் மட்டும் கதை வேறு: அந்த இடத்திலேயே, விடாமல் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

கண் கிழிந்திருந்தால் அதை உடனே மூடுவார்கள். ஐரிஸைத் தைப்பது பெரும்பாலும் ரத்தமும் வீக்கமும் வடிந்தபிறகுதான். காத்திருக்கச் சொல்வதை அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். தலைமுடியைவிட மெல்லிய பாலிபுரொப்பிலீன் நூலால் தைக்கிறார்கள். 1976இல் கண் மருத்துவர் மெக்கனல் காட்டிய முறை இன்றும் பயன்படுகிறது. பிரியா நாரங்கும் சென்னையின் அமர் அகர்வாலும் 2017இல் எளிய முடிச்சு முறை ஒன்றை வெளியிட்டார்கள். தைக்கத் திசுவே மிஞ்சாதவர்களுக்குச் செயற்கை ஐரிஸ் உண்டு. அதற்கு அமெரிக்காவில் 2018இல் அனுமதி கிடைத்தது. சிறு கிழிசலுக்கு நிறமுள்ள கான்டாக்ட் லென்ஸே போதும். தைத்த பாவை முன்போல் சுருங்கி விரியும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கண் நிறத்தை மாற்ற, நல்ல கண்ணுக்குள் செயற்கை ஐரிஸ் வைத்துக்கொள்வதோ வேண்டாத வேலை. அதனால் கண் அழுத்தம் ஏறி, கார்னியா கெட்டுப் பார்வை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

எனக்குப் பெரிய கவலை தையல் அல்ல. அதே அடி, கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் கோணத்தையும் சிதைத்திருக்கலாம். வலியே இல்லாமல், பல ஆண்டுகள் கழித்துக்கூடக் கண் பிரஷர் ஏறும். ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதனை வேண்டும், ஆயுள் முழுக்க.

அவசர சிகிச்சையை எந்த மருத்துவமனையும் போலீஸ் கேஸ் என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. இதை உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொன்னது. வேலையில் அடிபட்டவருக்கு இ.எஸ்.ஐ. பலனோ, அது இல்லையென்றால் முதலாளியிடமிருந்து இழப்பீடோ உண்டு. இழப்பீட்டுச் சட்ட அட்டவணைப்படி மறு கண் நன்றாக இருக்க ஒரு கண் பார்வை முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு, ஓரளவு போனால் 10 சதவீதம். முதலாளியிடம் இழப்பீடு கோர 2 ஆண்டுக் கெடு. பிரஷரோ அதற்குப் பிறகும் வரலாம். ஆகவே புண் ஆறியதும் கோணத்தைப் பார்க்கும் கோனியோஸ்கோபி சோதனை செய்து, அதன் நிலையை எழுதி வாங்கி, விபத்துப் பதிவு நகலோடு வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி.