பழைய அலுமினியப் படகைப் பனிக்காலத்தில் செப்பனிடும் முறை

வட அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சேர்ந்த மினசோட்டா மாகாணத்தில் பத்து ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகள் மாத்திரம் 11,842 உள்ளன. நவம்பர் கடைசியிலேனும் டிசம்பர் முதலிலேனும் இவ்வேரிகளின் மீது பனிக்கட்டி மூடிக்கொள்ளும். ஏப்ரல் மாதம் வரையில் அது விலகுவதில்லை. நிலமும் பாறைபோல் இறுகிக் கிடக்குமாதலால், மக்காச்சோளமும் சோயா மொச்சையும் பயிரிடும் அந்நாட்டுக் குடியானவருக்கு அம்மாதங்களில் உழவு வேலை இல்லை. இயந்திரங்களைப் பழுது பார்ப்பதும், வீட்டுச் சாமான்களைச் சீர்படுத்துவதுமே அப்போது அவர்கள் செய்யும் வேலை. அவற்றுள் ஒன்று, களஞ்சியத்தின் பின்புறம் பல வருஷங்களாகக் கவிழ்ந்து கிடக்கும் பழைய மீன்பிடிப் படகை எடுத்துச் செப்பனிட்டு, மே மாதத்தில் மீன் பிடிக்கும் பருவம் திறப்பதற்குள் ஏரியில் இறக்குவதாகும்.

இப்படகுகளுட் பெரும்பாலானவை அலுமினியத் தகட்டால் ஆனவை. க்ரம்மன் என்னும் ஆகாயவிமானக் கம்பெனியார், இரண்டாம் உலக யுத்தம் முடிந்த 1945-ஆம் ஆண்டில், விமானத்திற்குப் பயன்பட்ட அதே தகட்டையும் ஆணியையும் கொண்டு சிறு ஓடங்கள் செய்யத் தொடங்கினர். மினசோட்டாவிலேயே நியூயார்க் மில்ஸ் என்னும் சிற்றூரில் லண்ட் கம்பெனி 1948-இல் ஏற்பட்டது. பதினான்கு அடி நீளமுள்ள படகு சுமார் 200 ராத்தல் எடைதான் இருக்கும். இரண்டு ஆட்கள் தூக்கிக் கவிழ்த்து விடலாம். தகட்டின் கனம் அரைக்கால் அங்குலத்திற்கும் குறைவு. இத்தனை மெல்லிய தகடு ஐம்பது அறுபது வருஷம் நீரில் கிடந்தும் அழியாதிருப்பது எங்ஙனம் என்று கேட்கலாம். அலுமினியத்தின் மீது காற்றுப் பட்டவுடன் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய பொருக்கு உண்டாகி, உள்ளிருக்கும் உலோகத்தைக் காத்துக்கொள்கிறது. இரும்பின் துரு உதிர்ந்துகொண்டே போகும். இப்பொருக்கோ ஒட்டிக்கொண்டு நிற்கும்.

ஆகையால், நல்ல நீரில் மிதக்கும் அலுமினியப் படகை அந்நீர் கெடுப்பதில்லை. அதைக் கெடுப்பவை, மனிதர் அதனுள் வைத்துப் பூட்டிய பொருள்களே: மரம், மிதவைக்காக அடைக்கப்பட்ட நுரைக்கட்டி, செம்பு முதலிய வேற்று உலோகங்கள் ஆகிய மூன்றும். மரமும் நுரையும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓயாத ஈரத்தின் கீழ்க் காற்றுப் படாத தகட்டில் பொருக்கு மீண்டும் உண்டாவதில்லை. புள்ளி புள்ளியாகக் குழி விழுகிறது. புளிக்குழம்பை அலுமினியப் பாத்திரத்தில் இராமுழுதும் விட்டுவைத்தால் அடியில் குழி விழுவதை நம் வீட்டுப் பெண்கள் அறிவர். புளிப்பினால் நேர்வது ஒன்று, அடைபட்ட ஈரத்தால் நேர்வது மற்றொன்று. ஆயினும் காக்கும் பொருக்கு நீங்கிவிடுவதே இரண்டிலும் கேட்டிற்குக் காரணம்.

படகை விலைக்கு வாங்குமுன் பார்க்க வேண்டிய முதல் உறுப்பு பின்பலகை. படகின் பின்முனைச் சுவருக்குள், மோட்டாரைத் தாங்குவதற்காக ஒன்றரை அங்குல கனத்தில் ஒட்டுப்பலகை வைக்கப்பட்டிருக்கும். அதற்குத் தகட்டால் உறையிட்டிருப்பதால் வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. மோட்டாரின் எடை முழுவதையும், அது படகைத் தள்ளும் விசை முழுவதையும் தாங்குவது இப்பலகையே. இது உளுத்திருந்து, ஏரியின் நடுவில் ஒரு நாள் சுவர் பிளந்துகொடுத்தால், மோட்டார் நீருக்குள் போவதோடு நில்லாது, பின்புறத்தால் நீரும் உள்ளே புகும். மே மாதத்தில் அவ்வேரி நீர் பாரன்ஹீட் 50 டிகிரிக்கும் குறைவாக இருப்பதுண்டு. அத்தகைய குளிரில் விழுந்தவனுடைய விரல்கள் பத்து நிமிஷத்திற்குள்ளாகவே பிடிப்பை இழக்கத் தொடங்கும். குழந்தைகளை ஏற்றிச் செல்லும் படகில் இதைக் கவனியாது வர்ணத்தை மட்டும் புதுப்பிப்பது பெருங்குற்றமாகும். சோதிக்கும் வழி எளிது. சுவரைச் சுத்தியின் கைப்பிடியால் தட்டினால் நல்ல மரம் கணீரென்றும் உளுத்த மரம் மந்தமாகவும் ஒலிக்கும். ஒரு மரையாணியைக் கழற்றிப் பார்த்தால், துவாரத்திலிருந்து கறுத்த ஈரத்தூள் வருவதும் வராததும் தெரிந்துவிடும்.

பத்திரமும் அவசியம். அம்மாகாணத்தில் படகுகளை இயற்கைவள இலாகாவில் பதிவு செய்து மூன்றாண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். விற்பவனிடம் பதிவுச் சீட்டு இராவிடில், அவன் எவ்வளவு குறைந்த கிரயம் சொன்னாலும் யோசித்தே வாங்கத் தகும். அன்றியும், அடித்தகடு நீளமாகக் கிழிந்தோ, உட்புற வங்குகள் பல முறிந்தோ இருந்தால் அப்படகைப் பழைய உலோகமாக விற்றுவிடுவதே உசிதம். அலுமினியம் சூடேறும்போது இரும்பைப்போல் சிவந்து காட்டாமல் 660 சென்டிகிரேடு டிகிரியில் திடீரென உருகி ஒழுகும். அதன்மேற் படிந்த பொருக்கோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆதலின் மெல்லிய பழந்தகட்டைப் பற்றவைப்பது தேர்ந்த தொழிலாளிக்கே கடினம். பற்றவைத்து விடலாம் என்று துணிந்த பழக்கமில்லாதவன் சிறு கீறலைப் பெருந்துளையாக்கி முடிப்பதே வழக்கம்.

நீர்ச் சோதனையைப் பனி விழுமுன், அக்டோபரிலேயே செய்துவிட வேண்டும். பின்னர்ச் செய்யலாமென்றால் ஊற்றிய நீர் உறைந்து போகும். படகை வண்டியின் மேல் நன்றாக முட்டுக்கொடுத்து நிறுத்தி, வெளிப்புறத்தைத் துடைத்து உலர்த்தி, உள்ளே மூன்று நான்கு அங்குல உயரத்திற்கு நீர் விட்டு, கசியும் இடங்களில் மைக்கோலால் வட்டமிட வேண்டும். ஒரு கன அடி நீர் ஏறக்குறைய 62½ ராத்தல் எடையுள்ளது. நான்கு அங்குலம் நீர் நிறைந்தால் பதினான்கடிப் படகில் ஆயிரம் ராத்தல் அளவுக்குப் பாரம் ஏறிவிடுமாதலின், விளிம்புவரை நிரப்புவோர் படகின் முதுகை வளைத்துவிடுவர்.

இதன்பின் ஆசனம், தரைப்பலகை, கம்பளம், நுரை யாவற்றையும் கழற்றி வெறுந்தகடாக்குவதே பனிக்காலத்தின் முதல் மாத வேலை. அவசரப்படுவோர் இந்த இடத்தில்தான் தவறுகின்றனர். மேற்பலகையை மட்டும் எடுத்துவிட்டு, அடியிலுள்ள நுரை பார்வைக்கு நன்றாயிருக்கிறதென்று விட்டுவிடுவர். புதிய நுரை கன அடிக்கு இரண்டு ராத்தல்தான் இருக்கும். முப்பது வருஷம் ஈரத்தில் கிடந்த நுரையில் ஒரு துண்டை அறுத்துக் கையில் அழுத்தினால் நீர் வடியக் காணலாம். அந்நுரை மிதக்கவைக்கும் பொருளாயிராமல், சுமக்க வேண்டிய பாரமாகி விட்டது என்பதற்கு அதுவே சாட்சி. பழைய படகு முன்போல் வேகமாக ஓடவில்லை என்று மோட்டாரைக் குறை கூறுவோர் தரைக்கடியிற் பார்ப்பது நலம்.

பின்பலகையைப் புதிதாகச் செய்வதே இவ்வேலையின் உயிர்நாடி. பழைய பலகையை இயன்ற மட்டும் முழுதாக எடுத்து, அதையே மாதிரியாக வைத்துக் கோடிட்டு அறுக்க வேண்டும். முக்கால் அங்குல ஒட்டுப்பலகை இரண்டை எபாக்ஸிப் பசையால் ஒட்டி இறுக்கினால் ஒன்றரை அங்குலம் வரும். நீர்தாங்கும் பசையால் ஒட்டப்பட்டு உள்ளே வெற்றிடம் இல்லாத கப்பற் பலகையே இதற்கு ஏற்றது. இங்கே ஓர் எச்சரிக்கை. கரையானும் பூஞ்சையும் அணுகாதிருக்கச் செம்புச்சத்து ஏற்றிய மரம் கடைகளில் கிடைக்கும். உளுக்காத மரமாயிற்றே என்று அதைப் படகில் வைப்போர் பலர். அந்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் முடிவோடு, வீட்டு உபயோகத்திற்கான மரத்திற்குப் பாஷாணம் கலந்த பழைய மருந்தேற்றுதல் நிறுத்தப்பட்டு, அதற்குப் பதிலாக வந்த மருந்துகளில் செம்பின் அளவு மிகுந்தது. ஈரமான இடத்தில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் மின்கலத்தில் நடப்பதுபோன்ற செயல் உண்டாகி, அலுமினியமே தின்னப்படும். மரம் நிலைத்து நிற்கப் படகு துளைபடும். 1982-க்கு முற்பட்ட அமெரிக்கச் செம்புக்காசு ஒன்று சட்டைப் பையிலிருந்து நழுவிப் படகின் அடியில் ஈரத்தில் கிடந்தால், அந்த இடத்திலேயே தகட்டை அரித்துத் துளைத்துவிடக் கூடும். நம் நாட்டிலும் அலுமினியக் குழாயோடு பித்தளை இணைப்பைப் பூட்டுவோர் இதை நினைவில் வைத்தல் நன்று.

ஆகவே மருந்தேற்றாத பலகையை எடுத்து, ஓரங்களுக்கும் மரையாணித் துவாரங்களுக்கும் முகத்தைவிட அதிகமாகக் கவனம் செலுத்தி, எபாக்ஸியை மூன்று முறை பூச வேண்டும். நீர் உட்புகுவது அறுத்த ஓரத்தின் வழியாகவே. சாதாரண எபாக்ஸி 50 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழ் நன்றாக இறுகாது; ஆகையால் பலகையைச் சூடேற்றிய அறைக்குள் கொண்டுவந்து பூசி, இறுகியபின் கொட்டகைக்கு எடுத்துச் செல்வது நல்ல ஏற்பாடு. மோட்டாரைப் பிணைக்கும் துருப்பிடியா எஃகு மரையாணிகளும் அலுமினியத்திற்கு வேற்று உலோகமே. அவற்றைப் பசை தடவி, தகட்டோடு நேரே படாதபடி வளையம் இட்டுப் பூட்ட வேண்டும்.

கசியும் ரிவெட்டு ஆணிகளுக்கு இருவர் தேவை. ஒருவர் வெளியே ஆணித்தலையின் மேல் கனத்த இரும்பொன்றை அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்ளிருந்து வாலைச் சுத்தியால் தட்டுவார். தளர்ந்த ஆணி பெரும்பாலும் இதனாலேயே இறுகிவிடும். தேய்ந்து போனதைத் துளைத்தெடுத்துவிட்டு, அதே குறுக்களவுள்ள திண்ணிய அலுமினிய ஆணியை, குறுக்களவைப்போல் ஒன்றரைப் பங்கு வால் வெளியே நீளும்படி இட்டு அடிக்க வேண்டும். ஒருபுறமிருந்தே இழுத்துப் பூட்டும் உட்டுளையுள்ள ஆணி சுலபமானது. ஆயின் முனை மூடிய வகையாக இராவிடில் அதன் நடுத்துளை வழியே நீர் வரும். இடைவெளிகளை அடைக்க ஸிலிகோன் மெழுகைப் பூசுதல் கூடாது. பின்னர் எவ்வர்ணமும் அதன்மேல் ஒட்டாது.

நுரை விஷயத்தில் சிக்கனம் பாராட்டலாகாது. அலுமினியம் நீரைவிட 2.7 மடங்கு கனமானது. நுரையில்லாத படகு நிரம்பினால் அடிக்குப் போய்விடும். 200 ராத்தல் அலுமினியம் நீருள் மூழ்கும்போது ஏறக்குறைய 126 ராத்தலாகக் கனக்கும். அதனுடன் நூறு ராத்தல் மோட்டாரைச் சேர்த்தால் 226. ஒரு கன அடி நுரை சுமார் அறுபது ராத்தலைத் தாங்குமாதலின், மனிதரைக் கணக்கில் சேர்க்குமுன்பே நான்கு கன அடி தேவைப்படுகிறது. 1978 ஜூலை 31-க்குப் பின் செய்யப்பட்ட, இருபது அடிக்குக் குறைந்த மோட்டார்ப் படகுகளுட் பெரும்பாலானவை நீர் நிரம்பினாலும் கவிழாமல் சமநிலையில் மிதக்க வேண்டும் என்று ஐக்கிய நாட்டுச் சர்க்கார் விதி செய்துள்ளனர். எனவே எடுத்த அளவுக்குக் குறையாமலும், எடுத்த இடத்திலேயேயும் புதிய நுரையை வைக்க வேண்டும்; அடியில் நீர் வடியும் வழியை அடைத்துவிடலாகாது. தரைப்பலகையின் மேல் கம்பளம் ஒட்டுவது அழகாயிருப்பினும் ஈரத்தைத் தேக்கும் ஏற்பாடாதலால், அதை விட்டுவிடுதல் சிலாக்கியம்.

வர்ணம் பூசுதல் கடைசி வேலை. பழைய வர்ணத்தில் ஈயமும், அதன் கீழுள்ள மஞ்சட்பச்சைப் பூச்சில் குரோமியமும் இருக்கக்கூடுமாகையால், உலர்ந்தபடி தேய்த்துத் தூளைச் சுவாசிக்கலாகாது. ரசாயனக் குழம்பால் இளக்கிச் சுரண்ட வேண்டும். இரும்புக் கம்பித் தூரிகை உதவாது, அதன் துகள்கள் தகட்டில் பதிந்து துருவேறும். தேய்த்துச் சுத்தம் செய்த அன்றைக்கே உலோகத்தைப் பற்றும் முதற்பூச்சைப் பூசிவிட வேண்டும். மறுநாளைக்கு ஒத்திவைத்தால் பொருக்கு மீண்டும் படிந்து பிடிப்புக் கெடும். பாசி பிடியாதிருக்க விற்கப்படும் செம்புச்சத்துள்ள வர்ணம் அலுமினியப் படகிற்கு ஆகாது.

மார்ச் முடிவில் பூச்சு உலர்ந்ததும் நீர்ச் சோதனையை மறுபடி செய்து, மைக்கோல் வட்டமிட்ட இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஏரியின் பனி உடைந்தபின் முதல் நாள் படகை ஆள் ஏற்றாமல் கரையோரத்தில் மிதக்கவிட்டு, மோட்டாரைப் பூட்டி ஒரு மணி நேரம் பார்த்து, மரையாணிகளை மீண்டும் ஒரு சுற்று இறுக்கிக்கொள்ள வேண்டும்.