வரைபடத்தின் நிறம் மாறாமல் இருக்க: பைத்தானில் நிலப்பரப்புப் படங்களை வரைதல்



கட்டுரைப் பயிற்சியோ வட்டார வரலாறோ, மாணவர்களின் சொந்த ஊர் வரைபடத்தைத் திரையில் காட்டினால் வகுப்பே எழுந்து உட்கார்ந்துவிடும். அந்த வரைபடத்தைப் பைத்தானில் நாமே தயாரிக்கலாம். ஆனால் பலரும் சொல்வது ஒன்றுதான்: "கோப்பைத் திறந்தா கலரெல்லாம் மாறிப் போச்சு!" காடு ஊதாவாகவும் கடல் வெளிர்பச்சையாகவும் வந்து நிற்கும். ஏன் இப்படி ஆகிறது, எப்படிச் சரிசெய்வது என்று ஜொகூர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம்.

எந்தப் படம்?

ஐரோப்பிய விண்வெளி முகமை வெளியிட்ட 'வேர்ல்ட்கவர்' நிலப்போர்வை வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு உண்டு. ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். உலகத்தை 3 பாகைக்கு 3 பாகை என்று கட்டம் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். வடக்கு 0, கிழக்கு 102 என்ற மூலையில் தொடங்கும் ஒரே கட்டத்துக்குள் ஜொகூரின் நிலப்பரப்பு அடங்கிவிடும். நமக்கு வசதிதான்.

நிறம் ஏன் மாறுகிறது?

அந்தக் கோப்பில் ஒவ்வொரு புள்ளியிலும் இருப்பது நிறம் அல்ல, ஓர் எண். 10 என்றால் மரப்போர்வை, 30 புல்வெளி, 40 பயிர்நிலம், 50 கட்டடப் பகுதி, 80 நீர், 90 சதுப்புப் புல்நிலம், 95 அலையாத்தி, அதாவது நாம் 'பாக்காவ்' என்று சொல்லும் காடு. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்ற அட்டவணை அதே கோப்பில் தனியாக இருக்கிறது. அகராதி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். எண் தலைச்சொல், நிறம் அதன் பொருள்.

மேட்பிளாட்லிப்பின் 'ஐஎம்ஷோ' கட்டளைக்கு எண்களை மட்டும் கொடுத்தால் அது இந்த அகராதியைத் திறந்தே பார்க்காது. சிறிய எண்ணுக்கு ஊதா, பெரிய எண்ணுக்கு மஞ்சள் என்று தன்னிடம் இருக்கும் 'விரிடிஸ்' நிறவரிசையைப் பூசிவிடும். அதனால்தான் மரங்கள் ஊதா, கடல் வெளிர்பச்சை, பட்டணம் நீலப்பச்சை. 90-உம் 95-உம் பக்கத்துப் பக்கத்து மஞ்சளாகி, சதுப்புப் புல் எது, அலையாத்தி எது என்றே தெரியாமல் போகும்.

சரிசெய்யும் வழி

1. ராஸ்டெரியோவில் கோப்பைத் திறந்து, வேண்டிய பகுதியை மட்டும் படியுங்கள். முழுக் கட்டம் 36,000 × 36,000 புள்ளிகள், ஏறக்குறைய 130 கோடி. மூன்று நிறமாக மாற்றினால் 3.9 ஜிபி நினைவகம் கேட்கும். பள்ளி மடிக்கணினி தாங்காது. கிழக்கு 103.40 முதல் 103.60 வரை, வடக்கு 1.20 முதல் 1.40 வரை எடுத்தால் 2,400 × 2,400 புள்ளிகள்தான். தஞ்சோங் பியாயும் புலாவ் குக்குப்பும் அதற்குள் வந்துவிடும்.

2. 'கலர்மேப்' கட்டளையால் முதல் அடுக்கின் நிற அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

3. 256 வரிசையும் 3 நிரையும் கொண்ட நம்பை அணி ஒன்றை உருவாக்கி, ஒவ்வொரு எண்ணுக்கும் உரிய சிவப்பு, பச்சை, நீல அளவுகளை அந்தந்த வரிசையில் நிரப்புங்கள்.

4. படத்தின் எண்களை அந்த அணியின் சுட்டெண்ணாகக் கொடுங்கள். ஒரே வரியில் எல்லாப் புள்ளிக்கும் நிறம் கிடைத்துவிடும். இப்போது 'ஐஎம்ஷோ'விடம் கொடுத்தால் அது தன் நிறத்தைப் பூசாது.

5. அச்சுகளில் பாகை சரியாக வர எல்லைகளைக் குறிப்பிடுங்கள். இடைக்கணிப்பை 'நியரெஸ்ட்' என்று வையுங்கள்.

வருடிய பழைய வரைபடம் என்றால் அதில் மூன்று நிற அடுக்குகள் ஏற்கெனவே இருக்கும், அட்டவணை தேவையில்லை. ராஸ்டெரியோ அடுக்கை முதலில் வைக்கும், மேட்பிளாட்லிப் கடைசியில் எதிர்பார்க்கும். வரிசையை மாற்றினால் போதும்.

'நியரெஸ்ட்' ஏன் கட்டாயம்?

வரைபடத்தை ஜொகூர் கட்டமைப்புக்கு (இபிஎஸ்ஜி 3377) மாற்றும்போது புள்ளிகள் இடம் நகரும். அப்போது 'பைலீனியர்' முறையைத் தேர்ந்தெடுத்தால் பக்கத்து எண்களைச் சராசரி எடுக்கும். மரம் 10, கட்டடம் 50. இரண்டுக்கும் சராசரி 30. 30 என்றால் புல்வெளி! காட்டுக்கும் தாமானுக்கும் நடுவே இல்லாத புல்வெளி முளைத்துவிடும். 'அம்மா' என்ற சொல்லுக்கும் 'ஆடு' என்ற சொல்லுக்கும் சராசரி எடுக்க முடியுமா? வகை எண்களும் அப்படித்தான். 'நியரெஸ்ட்' முறை சராசரி எடுக்காது. அருகில் உள்ள எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளும். புதிய கோப்பைச் சேமிக்கும்போது நிற அட்டவணையையும் மறக்காமல் எழுதுங்கள், அது தானாகக் கூட வராது. படமாகச் சேமிக்க ஜேபெக் வேண்டாம். பிஎன்ஜி நிறத்தைக் கெடுக்காது.

சரிபார்ப்பு

தெரிந்த இடத்தை வைத்துச் சோதியுங்கள். கடல் (0, 100, 200), தஞ்சோங் பியாய் அலையாத்தி (0, 207, 117), கட்டடப் பகுதி (250, 0, 0), மரப்போர்வை (0, 100, 0) என்று வர வேண்டும்.

நகலெடுக்கும் முன்

பயிற்சித்தாளைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுப்போம், சரிதானே? மேலே சொன்ன மரப்போர்வை, கட்டடம், நீர் மூன்றின் சாம்பல் அளவு முறையே சுமார் 59, 75, 82 (0 கறுப்பு, 255 வெள்ளை). கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். எனவே நகல் தாளில் நிறத்தை நம்பாமல் எழுத்தாலோ கோடுகளாலோ குறித்துக் கொடுங்கள்.

நிறத்துக்குப் பெயர் வைப்பது நம் வேலை

கணினி நிறத்தைக் காப்பாற்றிவிடும். பொருளைக் காப்பாற்றுவது தமிழாசிரியர் கையில். கரும்பச்சைக்குக் 'காடு' என்று விளக்கக் குறிப்பு எழுதினால் அது தவறு. இந்த வரைபடத்தின் வரையறைப்படி செம்பனைத் தோட்டங்களும் அதே 10-இல்தான் சேர்க்கப்பட்டிருக்கின்றன. எண்டாவ் ரொம்பின் மழைக்காடும், நம் மாணவர்களின் தாத்தா பாட்டி உழைத்த தோட்டமும் ஒரே பச்சை! 'காடு' என்று எழுதினால் அந்தத் தோட்டம் மாணவன் கண்ணில் இல்லாமலே போய்விடும். 'மரப்போர்வை (காடும் தோட்டமும்)' என்று எழுதுங்கள். பிறகு, "உங்க குடும்பம் இருந்த தோட்டம் இதுல எங்க இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் பெரியவர்களைக் கேட்டு வந்து தோட்டத்தின் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டட்டும். வாய்மொழிப் பயிற்சி, வட்டார வரலாறு இரண்டுக்கும் இது உதவும்.

படத்தைப் பயன்படுத்தும்போது வெளியிட்டவர் பெயரை அடியில் குறிப்பிட மறவாதீர்கள். உரிமத்தின் நிபந்தனை அது.