கொடைச் சொற்கள் மூன்று

பூவிருந்தவல்லியை அடுத்த குமணன்சாவடி என்னும் ஊர்ப்பெயர், அதன் தோற்றம் யாதாயினும், தமிழ் கற்றார்க்கு முதிரமலைத் தலைவனாகிய குமணனையும் அவன் கொடையையும் நினைவூட்டும். அக்கொடையைப் பாடியோர் ஆண்ட வினைகளை நோக்கின், ஆங்கிலத்தில் ‘கிவ்’ என்னும் ஒரு வினை நிற்குமிடத்தில் தமிழ் காட்டும் நுண்ணிய வேறுபாடு விளங்கும்.

தொல்காப்பியர் இச்சொற்களை இருவகையான் வரையறுத்தார். ஒன்று இடம் பற்றியது. ‘தா’ தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது. ‘கொடு’ படர்க்கைக்கு உரியது என்பது கிளவியாக்கம். மற்றொன்று இரப்போன் நிலை பற்றியது. இழிந்தோன் ‘ஈ’ என்றும், ஒப்போன் ‘தா’ என்றும், உயர்ந்தோன் ‘கொடு’ என்றும் கேட்பான் என்பது எச்சவியல். உயர்ந்தோன் தனக்கென வேண்டுங்கால் படர்க்கைச் சொல்லாகிய ‘கொடு’ வருமாறு என்னையெனின், அவன் தன்னைப் பிறன்போற் கூறுதலான் என ஆசிரியரே அமைதி கூறினார். ஆகலின் இருவிதியும் தம்முள் முரணா.

இனி இலக்கியம் காண்போம். புறநானூறு 163ஆம் பாட்டில், குமணன்பாற் பெற்ற வளத்தைப் பிறர்க்கெல்லாம் வழங்குமாறு பெருஞ்சித்திரனார் தம் மனைவிக்குக் கூறுமிடத்தில் ‘கொடு’ என்னும் வினை வருகின்றது. பெறுவோர் படர்க்கையர் ஆதலின் அது பொருந்தும். 165ஆம் பாட்டில், நாடிழந்த குமணன் தன் தலையைக் கொய்து செல்லுமாறு வாளை நீட்டிய செய்தியைப் பெருந்தலைச் சாத்தனார் இளங்குமணனிடம் உரைக்கின்றார். வாள் தம்மிடம் வந்ததற்குத் ‘தா’ என்னும் வினையையும், தலையை வழங்குதற்கு ‘ஈ’ என்னும் வினையையும் ஆள்கின்றார். தன்மையிடம் நோக்கியது முன்னது. வள்ளல் இரவலனுக்கு வழங்குதலை உணர்த்துவது பின்னது. இரண்டையும் ஆங்கிலத்தில் ஒரே வினையாற் பெயர்ப்பின், அரசிழந்த பின்னும் குமணன் வள்ளலாகவே நின்ற நிலை மறைந்துபடும்.

இவ்விட வேறுபாடு தமிழ்க்கே உரியதன்று. மலையாளத்தில் ‘தரிக’, ‘கொடுக்குக’ என்பன இன்றும் இம்முறையே வழங்குகின்றன. ஜப்பானிய மொழியிலும் தனக்குப் பிறர் தருதல் ‘குரெரு’; பிறர்க்குத் தான் கொடுத்தல் ‘அகெரு’. தமிழிலோ ‘எனக்குக் கொடு’ என்பது இயல்பாகி, பழைய எல்லை தளர்ந்துவிட்டது.

அதன்மேலும், ஆங்கில வினையின் பொருள்கள் அனைத்தும் கொடைப்பொருள் அல்ல. மகப்பெறுதற்கு ‘ஈன்’, ஒதுங்குதற்கு ‘வழிவிடு’, துறத்தற்குக் ‘கைவிடு’, உரைக்குச் ‘சொற்பொழிவாற்று’ எனத் தமிழ் தனித்தனி வினை உடையது. அவற்றை மறந்து ‘சொற்பொழிவு கொடுத்தார்’ என எழுதுதல் மொழிபெயர்ப்பின் வறுமையேயன்றி மொழியின் வறுமையன்று.

ஆதலின் அகராதி தொகுப்போர் ஈ, தா, கொடு என ஒருபொருட் பன்மொழியாக நிரல்படுத்தி அமையாது, ஒவ்வொன்றன் இடமும் நிலையும் உடன்குறித்தல் வேண்டும். பதவுரை காணும் மாணவரும் அவ்வேறுபாட்டை நோக்கியே பாட்டுக்குப் பொருள் கொள்ளல் தகும்.