பனிக்கும் பனியனுக்கும் ஒரே பல்லு!

உங்க காலேஜ் பார்க்கிங்ல ஒரு ஆர்.எக்ஸ்.100 கண்டிப்பா நிக்கும். உங்களோடது இல்லாட்டி உங்க ஃப்ரெண்டோடது. 1996-லயே தயாரிப்பை நிறுத்தின வண்டி. ஆனாலும் அது கேட்டுக்குள்ள நுழையற சத்தத்துக்கு மொத்த கேன்டீனும் திரும்பிப் பார்க்கும்.

அந்த வண்டிக்கு செயின் மாத்தப் போனா மெக்கானிக் அண்ணன் என்ன சொல்வார்? "செயினை மட்டும் மாத்தாதீங்க தம்பி, ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து செட்டா மாத்திடுங்க." காசு கறக்கறார்னு மனசுக்குள்ள திட்டியிருப்பீங்க. இல்லீங்க! அவர் சொல்றது உலக உண்மை. ஓட ஓட செயினோட பின் தேயும். கண்ணிக்குக் கண்ணி இடைவெளி நீளும். நீண்ட செயின் ஸ்ப்ராக்கெட் பல்லைக் கொக்கி மாதிரி வளைச்சுத் தேய்ச்சிடும். அந்தக் கொக்கிப் பல்லுல புது செயினை மாட்டினா, பழசு புதுசைத் தின்னுடும்.

இந்த ஒரு விஷயம் கனடாவுல பனியில ஓடற வண்டிக்கும் பொருந்தும், ஊட்டி மலை ரயிலுக்கும் பொருந்தும், நம்ம ஊத்துக்குளியில ஒரு ஷெட்டுக்குள்ள கடகடன்னு ஓடற பழைய நிட்டிங் மெஷினுக்கும் பொருந்தும். எப்படின்னு பார்ப்போமா?

பனியில ஒரு அப்பா

1934-ம் வருஷக் குளிர்காலம். கனடாவுல வால்கோர்ட்னு ஒரு சின்ன ஊர். அங்கே ஜோசப் அர்மாண்ட் பம்பார்டியர்னு ஒரு இளம் மெக்கானிக். அவரோட ரெண்டு வயசுப் பையனுக்கு உடம்பு ரொம்ப மோசம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும். ஆனா ரோடு முழுக்கப் பனி. போக வண்டியே இல்லை. குழந்தை இறந்துபோச்சு.

பனியில ஓடற வண்டி செய்யணும்னு அதுக்கு முன்னாடியே முயற்சி பண்ணிட்டிருந்தவர்தான் அவர். மகன் போன அப்புறம் அது வெறியாவே ஆயிடுச்சு. ரப்பர் போர்த்தின பல்சக்கரம், அது இழுக்கிற பெல்ட் டிராக். இந்த ஏற்பாட்டுக்கு 1937-ல் காப்புரிமை வாங்கினார். அதுல வந்ததுதான் 7 பேர் போற பி-7, அப்புறம் 12 பேர் போற பி-12. டாக்டர், தபால், ஸ்கூல் பசங்க எல்லாம் அதுலதான் போனாங்க.

அந்த வண்டிகளைப் பொக்கிஷம் மாதிரி வெச்சிருக்கறவங்க இன்னைக்கும் உண்டு. டிராக் அறுந்தா கடையில ரெடிமேடா கிடைக்கறது கஷ்டம். அதனால பல பேர் என்ன பண்றாங்க தெரியுமா? குவாரியில ஜல்லி ஏத்தற கன்வேயர் பெல்ட் இருக்கே, அந்த மாதிரி பெல்ட்டை வாங்கி, அளவா கிழிச்சு, ஓட்டை போட்டு, குறுக்கே ஸ்டீல் பட்டைகளை போல்ட் போட்டு முடுக்கறாங்க. டிராக் ரெடி!

கேட்க ஈஸியா இருக்கா? இங்கேதான் வில்லன் வர்றான். ஒரு பட்டை மாட்டி, அதுல இருந்து அளந்து அடுத்த பட்டைன்னு போனீங்கன்னா, ஒவ்வொண்ணுலயும் அரை மில்லிமீட்டர் தப்பினாலே 40 பட்டையில 20 மில்லிமீட்டர் போயிடும். பல்சக்கரத்தோட பல்லு பட்டைக்கு நடுவுல விழாம, பட்டை மேலேயே ஏறும். அதனால ஒரே ஒரு புள்ளியில இருந்துதான் எல்லா அளவையும் எடுக்கணும், இல்லேன்னா ஜிக் போட்டு ஓட்டை போடணும். டெய்லர் அண்ணன் டேப்பை ஒரே இடத்துல பிடிச்சுக்கிட்டு மொத்தத்தையும் குறிக்கிறார் இல்லையா, அதே டெக்னிக்!

பனி எல்லாம் நமக்கு எதுக்குன்னு கேட்கறீங்களா? 1958 ஜனவரி 4-ம் தேதி, எட்மண்ட் ஹிலாரி தென் துருவத்துக்குப் போய்ச் சேர்ந்தது பெர்குசன் டிராக்டர்லதான். வயல்ல உழவு ஓட்டற டிராக்டரோட சக்கரங்களைச் சுத்தி டிராக் மாட்டி ஓட்டிட்டுப் போயிட்டாங்க. சென்னை 'டாஃபே' கம்பெனி செஞ்சு, நம்ம காட்டுல உழுதுட்டிருக்கற மாஸி பெர்குசன் அதுக்குச் சொந்தக்கார வண்டிதான்.

நம்ம மலையில ஒரு பல்லு

ஊத்துக்குளி ஸ்டேஷன் வழியா விடியறதுக்கு முன்னாடி நீலகிரி எக்ஸ்பிரஸ் கடந்து போகும். அது மேட்டுப்பாளையம் போய் நின்னா, அங்கே இருந்து ஊட்டிக்கு மலை ரயில். மேட்டுப்பாளையம் டூ குன்னூர் 1899-ல் ஓட ஆரம்பிச்சது. 1908-ல் ஊட்டி வரைக்கும் போச்சு. மொத்தம் 46 கிலோமீட்டர். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிடுச்சு.

கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் ஏற்றம் அப்படி ஒரு ஏற்றம். சில இடத்துல 12 அடி போனா ஒரு அடி ஏறணும். வெறும் இரும்புச் சக்கரம் வழுக்கிடும். அதனால ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வெச்ச பட்டை போட்டிருக்காங்க. ஒண்ணு இல்லை, ரெண்டு பட்டை, பக்கத்துப் பக்கத்துல. ஒண்ணோட பல்லு இருக்கற இடத்துல இன்னொண்ணுக்கு இடைவெளி. இன்ஜினுக்கு அடியில இருக்கற பினியன், அதுல கவ்விக் கவ்வி ஏறும். எந்த நொடியிலயும் ஏதாவது ஒரு பல்லு பிடிச்சிருக்கும். ரோமன் ஆப்ட்னு ஒரு சுவிஸ் இன்ஜினீயர் கண்டுபிடிச்ச முறை இது. இறங்கும்போது பிரேக் பிடிக்கறதுக்கும் அந்தப் பல்லுங்கதான் துணை. அங்கே பல்லுங்கறது அழகுக்கு இல்லை பாஸ், உயிருக்கு.

அந்த எக்ஸ் கிளாஸ் நீராவி இன்ஜின்கள் சுவிட்சர்லாந்துல விண்டர்தூர் ஊர்ல செஞ்சவை. கடைசியா அங்கே இருந்து வந்தது 1952-ல். அப்புறம் பாகம் போனா? சுவிட்சர்லாந்துக்கு ஃபோன் போட்டு "ஒரு பினியன் பார்சல்"னு கேட்க முடியுமா? திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனைதான் கை கொடுத்தது. பாகம் செஞ்சதோட நிக்கலை. 2010-க்கு அப்புறம் எண்ணெயில எரியற 4 புது இன்ஜினையே அங்கே கட்டிட்டாங்க. 2021-ல் நிலக்கரியில ஓடற புது எக்ஸ் கிளாஸும் வெளியே வந்துச்சு. பழசைப் பழுது பார்த்த கைதான் புதுசையும் கட்டியிருக்கு. இதுதான் மேட்டர்!

ஊத்துக்குளியில ஒரு புதிர்

இப்போ வெண்ணெய் ஊருக்கு வருவோம். ஒரு சின்ன யூனிட். வெளிநாட்டுல இருந்து செகண்ட் ஹேண்டா வந்த பழைய மெஷின். கியர் ஒண்ணு பல்லு உடைஞ்சிடுச்சு. கம்பெனி அந்த மாடலையே மறந்தாச்சு. ஓனர் அண்ணன் உங்களைக் கூப்பிட்டு, "ஏனுங் தம்பி, மெக்கானிக்கல்தானே படிக்கறீங்க, இதைக் கொஞ்சம் பாருங்க"ன்னு கையில கொடுக்கறார். நீங்க வெர்னியரை எடுக்கறீங்க.

நேர்ப்பல் கியர். பல்லு 30. வெளி விட்டம் 80.9 மி.மீ.

ஃபார்முலா ஞாபகம் இருக்கா? வெளி விட்டத்தை, பல் எண்ணிக்கையோட 2 கூட்டி வர்ற எண்ணால வகுத்தா மாட்யூல். 80.9-ஐ 32-ஆல வகுத்தா 2.53. ஸ்டாண்டர்ட் மாட்யூல் 2.5 இருக்கே! "ஆஹா, 2.5 தான், 80 மி.மீ.ல வெட்டிடலாம்"னு தோணும்.

நில்லுங்க! 2.5 மாட்யூல் கியர் புதுசா இருக்கும்போதே 80 மி.மீ.தான். தேஞ்சா குறையும், வளராதுங்க. அப்போ 80.9 எங்கே இருந்து வந்துச்சு? அந்த மெஷின் இங்கிலீஷ்காரன் அங்குலக் கணக்குல செஞ்சதா இருக்கலாம். அதுல 10 டயாமெட்ரல் பிட்ச் போட்டுப் பாருங்க. 32-ஐ 10-ஆல வகுத்தா 3.2 அங்குலம், அதாவது 81.28 மி.மீ. அது தேஞ்சு 80.9 ஆகியிருக்கு. கச்சிதம்!

அவசரப்பட்டு 2.5-ல வெட்டியிருந்தா? ஒரு பல்லுக்கு சுமார் 0.13 மி.மீ. வித்தியாசம். மாட்டலாம், சுத்தவும் சுத்தும். ஒரு வாரம் சத்தம் போடும். அப்புறம் நல்லா இருந்த ஜோடி கியரையும் சேர்த்துத் தின்னுடும். ஒரு கியர் போன இடத்துல ரெண்டு கியர் போச்சு, ஷிப்மென்ட்டும் போச்சு.

கத்துக்க வேண்டியது ஒரே வரி: தேஞ்ச பாகத்தை அப்படியே அளந்து செஞ்சா, நீங்க செய்யறது பாகம் இல்லை, தேய்மானம். இன்னைக்கு 3டி ஸ்கேனர் வந்தாச்சு. அதுவும் தேஞ்சதைத் தேஞ்சதாத்தான் காட்டும். செஞ்சவன் என்ன நினைச்சு செஞ்சான்னு கண்டுபிடிக்கற வேலை உங்க மூளையோடது.

களத்துல இறங்கறதுக்கு முன்னாடி...

* முதல்ல தேடுங்க. கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகள், சென்னை புதுப்பேட்டை. அதே மெஷினோட செத்துப்போன அண்ணன் தம்பி யாராவது கிடைச்சா, அதுல தேயாத பாகம் இருக்கும்.

* தேயாத இடத்தை அளங்க. பல்லோட ஓரம், பெல்ட் படாத பக்கம், மூடியிருந்த பகுதி. ஜோடி கியரையும் சேர்த்து அளங்க. செயின், டிராக்னா 10 கண்ணியைச் சேர்த்து அளந்து 10-ஆல வகுங்க. அதையும் தேயாத இடத்தோட ஒப்பிடுங்க.

* உலோகம் எதுன்னு பாருங்க. கிரைண்டர்ல லேசாத் தொட்டு தீப்பொறியைப் பார்த்தே பட்டறை அண்ணன் வார்ப்பு இரும்பா, ஸ்டீலான்னு சொல்லிடுவார். சாதா ஷாஃப்டுக்கு இஎன்-8, மேல் தோலை மட்டும் கெட்டியாக்கற கியருக்கு இஎன்-353. மாத்திப் போட்டா பல்லு பொடிப்பொடியா உதிரும், இல்லேன்னா சீக்கிரமே தேஞ்சிடும்.

* வார்க்கறதா இருந்தா சுருக்கம் கணக்கு. ஆறும்போது வார்ப்பு இரும்பு சுமார் 1 சதவிகிதம், ஸ்டீல் சுமார் 2 சதவிகிதம் சுருங்கும். பேட்டர்னை அந்த அளவுக்குப் பெரிசா செய்யணும்.

* பிரேக், ஸ்டியரிங், லிஃப்ட் பக்கம் போய் பரிசோதனை வேண்டாம். அது சோதனைக் கருவியும் பொறுப்பும் இருக்கறவங்க வேலை.

ரெடிமேட் புராஜெக்ட் வேணுமா?

இப்போ கொஞ்சம் சீரியஸா பேசுவோம். ஃபைனல் இயர் வந்தா நம்மாளுங்க பல பேர் என்ன பண்றாங்க? காசு கொடுத்து ரெடிமேட் புராஜெக்ட் வாங்கி, பைண்டிங் போட்டு, வைவாவுல திருதிருன்னு முழிக்கறாங்க. இன்னொரு பக்கம், 40 வருஷம் லேத்துல நின்ன ஒரு பெரியவர் கண்ணு மங்கி வீட்டுல உட்கார்ந்துட்டார். எந்த மெஷினுக்கு எந்த கியர், எவ்வளவு இடைவெளி விடணும்னு எல்லாம் அவர் தலைக்குள்ள. பேப்பர்ல ஒரு கோடு கூட இல்லை. அவர் போனா அதுவும் போச்சு. அப்புறம் அந்த மெஷின் கிலோ கணக்குல எடைக்குப் போகும்.

அவர்கிட்ட படம் இல்லை. உங்ககிட்ட படம் வரையற படிப்பு இருக்கு. ரெண்டும் சந்திச்சாலே ஒரு புராஜெக்ட் ஆச்சே! ஒரே ஒரு பாகம் போதும். அளந்து, கணக்குப் போட்டு, வரைஞ்சு, பட்டறையில நின்னு செஞ்சு, மாட்டி ஓட்டிக் காட்டுங்க. வரைபடத்துல அந்தப் பெரியவர் பேரையும் எழுதுங்க. வைவாவுல எக்ஸ்டர்னல் என்ன கேட்டாலும் பதில் வரும். ஏன்னா அந்த கியரோட ஒவ்வொரு பல்லும் உங்களுக்குப் பழக்கம்.

தாவணிக்கோ ஜீன்ஸுக்கோ இந்த வேலையில வித்தியாசம் இல்லை. மெஷினுக்கு அதெல்லாம் தெரியாதுங்க, அளவு மட்டும்தான் தெரியும்.

அடுத்த லீவு நாள்ல உங்க தெரு லேத் பட்டறைக்கு ஒரு டீ வாங்கிட்டுப் போங்க. "அண்ணா, பழைய கியர் ஏதாச்சும் இருக்குதுங்களா?"ன்னு கேளுங்க. ஒரு பெட்டி நிறைய எடுத்துக் கொட்டுவார். அதுல ஒண்ணைத் துடைச்சு, பல்லை எண்ண ஆரம்பிங்க.

ஒண்ணு... ரெண்டு... மூணு...