சுத்தியலைத் தேடியவர் கண்ட புதையல்



காணாமற்போன ஒரு சுத்தியலைப் பற்றி இன்று உங்களோடு பேசப் போகிறேன். இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக் வட்டாரத்தில், ஹாக்ஸன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே குத்தகை நிலத்தில் பயிர் செய்துவந்த விவசாயி ஒருவர், 1992-ஆம் ஆண்டில் தம் சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். ஒரு சுத்தியலுக்காக இத்தனை பாடா என்று கேட்காதீர்கள். கைக்குப் பழகிய பால் வெட்டும் கத்தியைத் தொலைத்தவருக்கு அந்தத் தவிப்புத் தெரியும்.

அவர் தம் நண்பர் எரிக் லாஸ் என்பவரை உதவிக்கு அழைத்தார். லாஸ் தோட்டக்காரராக உழைத்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்டு நின்றபோது அவருக்குப் பரிசாகக் கிடைத்தது ஓர் உலோகம் கண்டறியும் கருவி.

அது எப்படி வேலை செய்கிறது? நீண்ட கைப்பிடியின் நுனியில் தட்டுப்போல் ஒரு வளையம் இருக்கும். அதற்குள் செப்புக் கம்பிச் சுருள். பேட்டரியின் மின்சாரம் சுருளில் ஓடும்போது சுற்றிலும் காந்தப் புலம் உண்டாகிறது. அது மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தின்மேல் பட்டால், அந்த உலோகத்திலும் சிறு மின்னோட்டம் எழும். கருவி அதை உணர்ந்து 'கீ' என்று ஒலி எழுப்பும். தங்கமா, தகர மூடியா என்று உறுதியாகச் சொல்லிவிடாது, தோண்டினால்தான் தெரியும். பெரும்பாலும் கிடைப்பது துருப்பிடித்த ஆணிதான்!

நவம்பர் 16-ஆம் தேதி லாஸுக்குக் கேட்ட ஒலி ஆணியின் ஒலி அன்று. வெள்ளிக் கரண்டிகள், தங்க நகைகள், குவியலாக நாணயங்கள். கொஞ்சம் எடுத்தவர், அதற்கு மேல் தோண்டாமல் கையை நிறுத்திக்கொண்டார். விவசாயியும் அவருமாகக் காவல் துறைக்கும், நிலத்தின் உரிமையாளரான வட்டார மன்றத்துக்கும் செய்தி சொன்னார்கள். மறுநாளே தொல்பொருள் ஆய்வாளர்கள் வந்து, திருடர் காதுக்கு எட்டுமுன் ஒரே நாளில் அகழ்ந்தெடுத்தார்கள்.

கையை நிறுத்தியதால் என்ன லாபம்? பொருள்கள் புதைத்தபடியே கிடந்தன. ஓக் மரப்பெட்டி மக்கிப்போயிருந்தாலும் அதன் அடையாளம் மண்ணில் இருந்தது. பெட்டிக்குள் சிறு பெட்டிகள்; அவற்றுக்கு விரல் நுனியளவு வெள்ளிப் பூட்டுகள். கிண்ணங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகப் பக்குவமாய் அடுக்கப்பட்டிருந்தன. பயந்து ஓடும்போது அள்ளிப் போட்டதல்ல, நிதானமாக ஒருவர் அடுக்கி வைத்தது என்று இதிலிருந்து தெரிந்தது. லாஸ் ஆசையில் எல்லாவற்றையும் வாரியிருந்தால், இந்தச் செய்தி மண்ணோடு கலைந்து போயிருக்கும்.

சுமார் 15,000 நாணயங்கள். அவற்றுள் கடைசியானவை கி.பி. 407, 408-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ரோமானியர் ஆட்சி பிரிட்டனில் முடிவுக்கு வந்த காலம் அது. ஏதோ ஒரு செல்வர் வீட்டார், நல்ல காலம் வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று புதைத்தார்கள்; திரும்பி வரவே இல்லை. ஒரு தங்கக் காப்பில் ஜூலியானா என்ற பெண்மணியின் பெயர் பொறித்திருக்கிறது. வெள்ளியில் செய்த நான்கு மிளகுச் சிமிழ்களும் இருந்தன. ஒன்று சீமாட்டி ஒருத்தியின் உருவம். ரோமானியர்கள் மிளகை வாங்கியது தென்னிந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து, பழைய சேர நாட்டிலிருந்து! நம் வீட்டு ரசத்தில் போடும் மிளகுக்கு அவர்கள் வெள்ளியில் சிமிழ் செய்து வைத்தார்கள்.

சரி, விலைக்கு வருவோம். இங்கிலாந்தில் புதையலை விசாரிப்பவர் யார் தெரியுமா? மரண விசாரணை அதிகாரி! அது பழங்கால வழக்கம். 1993-இல் அந்த விசாரணையில் இது புதையல் என்று தீர்ப்பாயிற்று. பிறகு நிபுணர் குழு, சந்தையில் என்ன விலை போகும் என்று பார்த்து மதிப்பிட்டது. 17 இலட்சத்து 50 ஆயிரம் பவுன். பவுன் என்றதும் நம் வீட்டுத் தங்கப் பவுனை நினைக்காதீர்கள். இது இங்கிலாந்துப் பணம். மொத்தத் தங்கம் 3½ கிலோ, வெள்ளி ஏறக்குறைய 24 கிலோ. உருக்கி விற்றிருந்தால், அந்த மதிப்பில் முப்பதில் ஒரு பங்குகூடத் தேறியிருக்காது. மீதியெல்லாம் அதன் பழமைக்கும், வேலைப்பாட்டுக்கும், அது எங்கே எப்படிக் கிடைத்தது என்ற சான்றுக்கும் கிடைத்த விலை. நகையைத் தராசில் மட்டும் நிறுத்துப் பார்ப்பவருக்கு இந்தக் கணக்குப் புரியாது.

பணம் முழுவதும் கண்டெடுத்த லாஸுக்கே போனது. அந்நாளைய சட்டப்படி விவசாயிக்குப் பங்கு இல்லை. ஆனாலும் லாஸ் தம் நண்பருக்குப் பங்கு கொடுத்தார். சுத்தியலும் கிடைத்தது. புதையலோடு அதுவும் லண்டனில் பிரிட்டிஷ் அரும்பொருளகத்தில் இருக்கிறது.

எல்லாரும் லாஸைப்போல் இல்லை. அதே நாட்டில் வான்பரோ என்ற இடத்திலிருந்த பழைய கோயில் மேட்டை 1980-களில் இரவோடு இரவாகத் தோண்டி, ஆயிரக்கணக்கான நாணயங்களைக் கொண்டுபோய் விற்றுவிட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் 1996-இல் புதிய சட்டம் பிறந்தது. புதையல் என்று தெரிந்த 14 நாள்களுக்குள் அறிவிக்காவிட்டால் அங்கே தண்டனை உண்டு.

மலேசியாவிலும் 2005-ஆம் ஆண்டு மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. பழம்பொருள் என்று கருதத்தக்க ஒன்றைக் கண்டெடுத்தவர், மரபுடைமை ஆணையருக்கோ, தம் மாவட்ட அதிகாரிக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். இது தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தூரத்துச் செய்தி அல்ல. கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை பத்துவில், செம்பனைகளுக்கு நடுவேதான் பழைய செங்கல் கட்டடங்களும் இரும்பு உருக்கிய உலைகளும் வெளிப்பட்டன. அதே பள்ளத்தாக்கில் பழைய கோயில் ஒன்றின் அடித்தளம், நிலத்தைச் சமன் செய்தபோது இடிபட்டுப் போனதாக 2013 டிசம்பரில் தெரியவந்தது. இடித்ததை எந்தக் குழுவாலும் திரும்ப அடுக்க முடியாது.

மரக்கன்றுக்குக் குழி வெட்டும்போதோ, வாய்க்கால் எடுக்கும்போதோ பழைய காசு, பானை ஓடு, செதுக்கிய கல் எதுவும் தட்டுப்பட்டால், அந்த இடத்தில் மண்வெட்டியை நிறுத்துங்கள். இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு மண்டோரிடமும் நிர்வாகத்திடமும் சொல்லி, மாவட்ட அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். இன்னொன்று, தாய்மார்களுக்கு. குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். காசின்மேல் இருக்கும் எழுத்து அந்தத் தேய்ப்பிலேயே போய்விடும். ஒட்டிய மண்ணோடு அப்படியே கொடுங்கள்.